சுழல்வீழ்ச்சியும் மீட்சியும்

விமானத்தின் இறக்கை காற்றை எதிர்கொள்ளுங் கோணம் அளவு கடப்பின், காற்றோட்டம் அதன் மேற்பரப்பை விட்டுப் பிரியும். தாங்கும் விசை குன்றும். அந்நிலையில் விமானம் ஒருபுறந் திரும்பின், ஓரிறக்கை மற்றையதினும் மிகுதியாக விசையிழக்க, விமானம் சுழன்றவாறே வீழும். தரையைக் கண்டு அஞ்சும் விமானியின் கை பிடிதண்டைத் தன்பால் இழுக்க விழையும்; அதுவே கேட்டை வளர்ப்பது.

1912ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சோல்ஸ்பரிச் சமவெளியில் இவ்வாறு வீழ்ந்த வில்பிரட் பார்க் என்பார், தண்டை இழுத்தும் பயன் காணாராய், இறுதியிற் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்ப்புறந் திருப்பி உயிர் தப்பினார்.

இன்று பயிற்சி விமானங்கள் பலவற்றிற்குங் கற்பிக்கப்படும் பொதுமுறை இதுவாகும்: எஞ்சின் விசையைக் குறைத்தல், எதிர்ச்சுக்கானை முழுதும் மிதித்தல், தண்டை முன்தள்ளல், சுழற்சி நின்றதுஞ் சுக்கானை நடுநிலைப்படுத்தி மெல்ல மேலெழல். ஆசானுடன், போதிய உயரத்திற் பன்முறை பயின்றாலன்றி, அறிந்த முறையும் அச்சவேளையிற் கைக்கு எட்டாது.