மன்னர் எழுதிய கல்லறை வாசகம்

தஞ்சாவூருக்கு விஜயம் செய்கிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்கிறார்கள், அரண்மனையைப் பார்க்கிறார்கள், சரஸ்வதி மஹாலையும் எட்டிப் பார்க்கிறார்கள். அதே ஊரில் தூய பேதுரு ஆலயத்தில் உள்ள ஒரு கல்லறையைத் தேடிப் போகிறவர்கள் எத்தனை பேர்? அதில் பொறித்திருக்கும் ஆங்கிலக் கவிதையை இயற்றியவர் சரபோஜி மன்னர் என்றால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், அல்லவா?

கல்லறைக்கு உரியவர் சுவார்ட்ஸ் பாதிரியார். ஜெர்மானியர். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அந்தக் கடற்கரை ஊரில், புது எருசலேம் ஆலயத்துக்குள், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு 1719 முதல் துயில்கிறார். சுவார்ட்ஸ் தாய்நாடு திரும்பவே இல்லை. கல்யாணமும் செய்து கொள்ளவில்லை. தமிழும் மராத்தியும் பேசிக்கொண்டு, 48 வருஷம் இங்கேயே வாழ்ந்தார்.

அவர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது தெரியுமா? 1781-ல் ஹைதர் அலியின் படை சோழ நாட்டைச் சூறையாடியது. நெற்களஞ்சியமான தஞ்சையிலேயே கோட்டைக்குள் பஞ்சம்! வெளியே நெல் இருந்தது. ஆனால் கொண்டுவர மாடு தர ஒரு குடியானவரும் முன்வரவில்லை. முன்பு கொடுத்ததற்கே கூலி வராதபோது யார்தான் கொடுப்பார்கள்? "பணத்துக்கு நான் ஜாமீன்" என்று சுவார்ட்ஸ் எழுதி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்து நின்றன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை வீட்டு உலை கொதித்திருக்கும்!

இனி சரபோஜியின் கதைக்கு வருவோம். துளஜா மன்னருக்கு வாரிசு இல்லை. 1787-ல் பத்து வயதுப் பாலகன் சரபோஜியை ஸ்வீகாரம் எடுத்தார். மரணப் படுக்கையில், குழந்தையைக் காப்பாற்றும்படி பாதிரியாரை வேண்டிக் கொண்டார். பட்டத்துக்கு வந்ததோ அமர்சிங். பையனை வெளியே உலவ விடவில்லை, எழுத்தறிவிக்கவும் இல்லை. அரண்மனையிலேயே ஒரு சிறைவாசம்!

சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. கம்பெனியாருக்கு எழுதினார், வாதாடினார். கடைசியில் 1793-ல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டார். துளஜாவின் விதவை ராணிகளும் உடன் சென்றார்கள். அங்கே அவர் கற்ற கல்விதான் பின்னால் சரஸ்வதி மஹாலின் ஏடுகளாகவும் நூல்களாகவும் பெருகியது.

1798 பிப்ரவரி 13-ந் தேதி சுவார்ட்ஸ் காலமானார். சரபோஜி வந்து உடலைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். பொற்சரிகைத் துணியைப் போர்த்தினார். அடக்கம் செய்யும் இடம் வரை கூடவே சென்றார். அந்த ஆண்டிலேயே அரியணை ஏறினார். குருநாதர் அதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை.

சரபோஜி ஹிந்து தர்மத்திலேயே நின்றார். நன்றி சொல்ல அது தடையாக இல்லை. கல்லறைக் கவிதையில் அனாதைகளையும் விதவைகளையும் பாதிரியார் பேணியதை மறக்காமல் குறித்தார். லண்டனில் ஜான் பிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் ஞாபகச் சின்னம் செய்வித்தார். அது சிவகங்கைப் பூங்காவை அடுத்த சுவார்ட்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. பாதிரியார் படுக்கையில் கிடக்கிறார். மன்னர் அவர் கையைப் பற்றி நிற்கிறார். அருகே பள்ளிக்கூடச் சிறுவர்கள்.

தம் அன்புக்குரிய முக்தாம்பாள் மறைந்தபோதும் சரபோஜி வெறும் கண்ணீரோடு நிற்கவில்லை. ஒரத்தநாட்டில் அவள் பெயரால் சத்திரம் எழுப்பி, வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டார். குருவுக்குக் கல், காதலிக்கு அன்னம்!

அடுத்த முறை தஞ்சை சென்றால், பெரிய கோயிலில் கும்பிட்டு விட்டுக் குழந்தைகளை அப்படியே பக்கத்துத் தேவாலயத்துக்கும் அழைத்துப் போங்கள். கிரீடம் வைத்தவர் ஒரு வாத்தியார் கையைப் பிடித்திருப்பதை அவர்கள் பார்க்கட்டும்.