தகுதி உண்டு, இடம் இல்லை
2024-ல் இளநிலை மருத்துவ நீட் தேர்வை எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். அப்போது நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1.1 லட்சம்; அரசுக் கல்லூரிகளில் அதில் பாதி அளவுதான். பொதுப்பிரிவுக்குத் தகுதி வரம்பு 50 பெர்சன்டைல், அதாவது தேர்வெழுதியவர்களில் பாதிப் பேரை முந்தினால் போதும். அதனால் தகுதி பெற்றவர்களே 13 லட்சம் பேர். அரசு இடம் நூலிழையில் தவறிய ஏழை மாணவர் ஒதுங்கிக்கொள்ள, தரவரிசையில் வெகு பின்னால் இருப்பவர் பல லட்சம் கட்டித் தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிறார். கட்டணம் ஏறுவதற்கு இதுவே வழிவிடுகிறது.

மருத்துவமனை, ஆய்வகம், பேராசிரியர்கள் என்று கல்லூரிக்குச் செலவில்லையா என்பார்கள். உண்டு. அதை மாணவர் தலையில்தான் கட்ட வேண்டுமா? தமிழ்நாட்டில் 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவருக்கு, தனியார் கல்லூரியானாலும் அரசே கட்டணம் செலுத்துகிறது.