கையில் ஒரு பை, கணக்கில் ஏழு கிலோ

நமது கம்பம் பள்ளத்தாக்கில் பஸ் பயணம் என்றால் மூட்டைக்குக் கணக்கே கிடையாது. வாழைத்தாரும் ஏறும், அரிசிச் சிப்பமும் ஏறும். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் போதும். ஆனால் மதுரை விமான நிலையத்தில் அந்த வழக்கம் செல்லாது.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மாச்சி, மகளின் பிரசவத்திற்காகச் சிங்கப்பூர் புறப்பட்டார். இரண்டு நாள் அடுப்படியில் நின்று கிளறிய பிரசவ லேகியத்தையும் ஒரு பாட்டில் நெய்யையும் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டார். தமது சர்க்கரை நோய் மாத்திரைகளைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டார். சோதனையில் லேகியமும் நெய்யும் நின்றுபோயின. பெட்டியோ மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அன்றிரவு மாத்திரை இல்லாமல் அவர் பட்ட பாட்டைக் கேட்டபோதுதான் இவ்விதிகளை அறிய வேண்டுமென எண்ணினோம்.

அளவு என்ன? இந்திய விமானங்களின் சாதாரண வகுப்பில் பொதுவாக ஒரு கைப்பை, 7 கிலோ வரை அனுமதி. நீளம் 55, அகலம் 35, கனம் 25 சென்டிமீட்டர். மூன்றையும் கூட்டினால் 115. அளக்கும்போது சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்தே அளக்க வேண்டும். நம்மிடமுள்ள அடிஸ்கேலே இதற்குப் போதும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுவதால் டிக்கெட்டையும் ஒருமுறை படித்துக்கொள்வது நலம்.

ஏன் இந்தக் கண்டிப்பு? 180 பேர் அமரும் விமானத்தில் ஆளுக்கு 3 கிலோ கூடினால் மொத்தம் 540 கிலோ கூடிவிடும். எடைக்கேற்ப எரிபொருள் செலவும் ஏறும். மேலும், பைகள் இருப்பது நம் தலைக்கு மேல். விமானம் குலுங்கும்போது கனமான பை விழுந்தால் கீழே இருப்பவர் கதி என்ன? ஆபத்தில் இறங்கி ஓட வேண்டிய நேரத்தில் வழியில் கிடக்கும் பை உயிருக்கே தடையாகும்.

திரவங்களுக்குத் தனி விதி. 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்பே வெளிநாட்டுப் பயணங்களில் ஒவ்வொரு திரவமும் 100 மில்லி லிட்டருக்கு மேற்படாத புட்டியில், எல்லாம் ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே கண்ணாடிப் பைக்குள் இருக்க வேண்டும் என்ற விதி பரவியது. நெய், ஊறுகாய், ஜாம், லேகியம் யாவும் இக்கணக்கில் சேரும்.

தேங்காய்க்கும் கைப்பையில் வழக்கமாக இடமில்லை. அதன் எண்ணெய் எளிதில் தீப்பற்றும் என்பதே காரணம். ஆயினும் கம்பம், குமுளி வழியாக நாம் காணும் ஐயப்ப பக்தர்களைப் போன்றோர் விமானத்தில் செல்லும்போது இருமுடித் தேங்காயைக் கையில் கொண்டுபோக, 2024 அக்டோபரில் அரசு சலுகை அளித்தது. அது 2025 ஜனவரி 20 வரை நீடித்தது.

பவர் பேங்க் விஷயத்தில் விதி நேர்மாறு. அது கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். சரக்கறையில் அதன் பேட்டரி தீப்பற்றினால் உடனே அணைக்க ஆளில்லை அல்லவா?

ஆகவே தோழியரே, மருந்து, பாஸ்போர்ட், பணம், கண்ணாடி ஆகியவை கைப்பையில். லேகியமும் நெய்யும் நன்கு கட்டிப் பெட்டியில். நம் வீட்டுப் பெரியவர்கள் பயணம் புறப்படும்போது, முதல்நாளே அவர்கள் அருகில் அமர்ந்து பையை அளந்து, நிறுத்து, அடுக்கிக் கொடுப்போம். படித்த பெண் வீட்டில் இருப்பதன் பயன் அதுவன்றோ!