கைப்பிடியைக் கழற்றியவர்கள் காற்றைக் கேட்கவில்லை

கந்தர்வக்கோட்டையில் புதுவீடு கட்டிக் குடியேறிய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சமையலறை முழுக்கக் கைப்பிடி இல்லாத கதவுகள் போட்டோம். ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும் அலமாரிக்குள்ளேயே அடக்கம். அவற்றுக்கும் அதே பலகைதான். மற்ற கதவெல்லாம் தொட்டால் திறக்கிறது. இது மட்டும், அதுவும் மூடிய கையோடு மறுபடி திறந்தால், அசைய மாட்டேன் என்கிறது. காந்தம் அதிகம் என்கிறார் ஆசாரி. ஆசாரி வேலை சரியில்லை என்கிறார் மெக்கானிக். யார் சொல்வது சரி?”

இரண்டு பேரும் பாவம், ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள். கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது காற்று.

தஞ்சாவூர் – புதுக்கோட்டை சாலையில் போகிறவர்களுக்கு இந்த ஊர் வீடுகள் தெரியும். செம்மண்ணும் முந்திரித் தோப்புமாகக் கிடக்கும் இடத்தில் சிங்கப்பூர் சம்பாத்தியத்தில் எழுந்த மாடிகள். அங்கே பார்த்த சமையலறையை இங்கேயும் கேட்பதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் விளம்பரப் படத்தில் ஒருவர் சுண்டுவிரலால் தொட, ஆளுயரக் கதவு வாயைப் பிளக்கிறதே, அந்தப் படம் எடுத்தபோது உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்திருக்காது என்று பந்தயம் கட்ட நான் தயார்.

வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும் என்பது பள்ளிப் பாடம். அதைத் தாண்டி நேரே கணக்குக்குப் போவோம். ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த குளிர்காற்று கனம் தாங்காமல் கால் பக்கமாகக் கொட்டிவிடும். அந்த இடத்துக்கு மேல்வழியாகச் சமையலறைக் காற்று புகும். சித்திரை வெயிலில் அது 35 டிகிரி. கதவை மூடுகிறீர்கள். அந்தக் காற்று மைனஸ் 18 டிகிரியை நோக்கி இறங்கத் தொடங்குகிறது. ஒரு துளிகூடக் கசியாத பெட்டி என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் 17 சதவீதம் விழும். கதவு 60 சென்டிமீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரம் என்றால், வெளிக்காற்று அதை அழுத்தும் விசை சுமார் 750 கிலோ எடைக்குச் சமம். முக்கால் டன்!

பயப்பட வேண்டாம், இது காகிதக் கணக்கு. உள்ளே இருந்த காற்று முழுதும் மாறுவதில்லை; புகுந்த காற்றும் ஒரே மூச்சில் மைனஸ் 18-க்குப் போய்விடுவதில்லை; ரப்பர் ஓரங்களில் கசிவும் உண்டு. ஆனாலும் 17-ல் ஒரே ஒரு சதவீதம் மிஞ்சினால் போதும், கதவின் மேல் 43 கிலோ விசை உட்கார்ந்திருக்கும். கீலுக்கு நேர் எதிர் ஓரத்தில் பிடித்து இழுத்தால் நெம்புகோல் புண்ணியத்தில் அதில் பாதி, ஏறக்குறைய 21 கிலோ, இழுத்தாக வேண்டும். கீலிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும் என்பதை வாசகரே கணக்குப் போடலாம்.

இதோடு விட்டால் பாதிக் கதைதான். நம் ஊர்க் காற்றில் தண்ணீர் இருக்கிறது. 35 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் என்றால், காற்றழுத்தத்தில் 3 சதவீதத்துக்கு மேல் நீராவியின் பங்கு. ஃப்ரீசருக்குள் போனதும் அந்த நீராவி உறைபனியாகிச் சுவரில் ஒட்டிவிடும். வாயுவாக இருந்தது திடப்பொருளாகிவிட்டால் அழுத்தக் கணக்கிலிருந்து அதன் பெயரே அடிபட்டுப் போகிறது. லண்டன் சமையலறையில், 20 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில், இந்தப் பங்கு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் வரும். ஆக, ஐரோப்பாவில் யோசித்த கதவு அங்கே ஒரு மடங்கு முரண்டு பிடித்தால், இங்கே சூட்டாலும் ஈரத்தாலுமாகக் கூடுதலாகவே முரண்டு பிடிக்கும். விலைப்பட்டியலில் இதற்கு ஒரு வரி ஒதுக்கினால் என்னவாம்?

இதே சங்கதி நம் வீட்டில் அன்றாடம் நடக்கிறது. கொதிக்கக் கொதிக்க ரசத்தை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, மத்தியானம் திறந்து பாருங்கள், வராது. உள்ளே ஆவி தண்ணீரானது, காற்று ஆறியது, மூடி உள்வாங்கிக்கொண்டது. கெட்டிக்காரக் கை என்ன செய்யும்? மூடியோடு மல்லுக்கட்டாது. ஓரத்தில் கரண்டிக் காம்பைக் கொடுத்து ஒரே இடத்தில் நெம்பும். ‘உஸ்’ என்று காற்று போகும், மூடி தானாகக் கையோடு வரும். ஃப்ரிட்ஜ் கதவும் மொத்தமாகப் பெயர்வதில்லை. ஒரு மூலையில் ரப்பர் விடுபட்டதும் காற்று புகுந்து மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது. தூக்கை அடுப்பில் அரை நிமிடம் காட்டினாலும் மூடி இளகும்; ஃப்ரிட்ஜுக்கும் அந்த வைத்தியம் உண்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கலாம், ஐஸ்கிரீம் ரசமாகும் வரை. நிறைந்திருக்கும் ஃப்ரீசர் குறைவாகவே இறுகும் என்பதும் உண்மை. பொருள் அடைத்துக்கொண்ட இடத்தில் புதுக்காற்று புக முடியாது. ஆனால் நிறைந்த தூக்கும் குறைவாக இறுகுமா என்று கேட்டால் ஒப்புமை கையை விரித்துவிடும். இத்துடன் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம்.

எனக்கு இந்த விவகாரத்திலேயே மிகவும் பிடித்தது அந்த ரப்பர். ஒருநாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். வெளியே தட்டையான ஒரு பட்டை. அதற்குள் நீளமாகக் காந்தப் பட்டி. பின்னால் ஆர்மோனியத் துருத்திபோல மடிந்த ஒரு பை. உள்பக்கமாக ஓர் இதழ். மடிப்புக்குள் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தால் அது உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்தான். இந்த மடிப்பும் இதழும் சேர்ந்து ஒருவழிப் பாதைபோல வேலை செய்கின்றன. கதவை அறைந்து மூடும்போது உள்ளே அழுத்தம் கூடினால், மெல்லிய ரப்பர் எழும்பிக் காற்றை வெளியே விட்டுவிடும். ஒரு கதவை அறைந்தால் பக்கத்துக் கதவு துள்ளித் திறப்பதைச் சில இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ்களில் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். ஆனால் உள்ளே அழுத்தம் குறைந்தால், அதே ரப்பர் உள்நோக்கி இழுபட்டு இன்னும் இறுகப் படியும். வெளியே போகத் தாராளம், உள்ளே வரக் கெடுபிடி. எனவே மூடிய சில நொடிகளில் இறுக்கம் ஏறி, பிறகு ஓரிரு நிமிடங்களில் மெதுவாகக் கரைகிறது. கரைவதற்கு உதவுவது ரப்பரின் நுண்கசிவும், உறைபனி உருகிய தண்ணீர் பின்பக்கத் தட்டுக்கு இறங்கும் வடிகால் குழாயும். மீன் ஏற்றுமதிக்கான பெரிய குளிர்பதன அறைகளில் இதற்கென்றே அழுத்தச் சமன் வால்வு வைத்து, அது உறைந்து அடைத்துக்கொள்ளாமலிருக்க அதற்கொரு சூடேற்றியும் வைப்பார்கள். மைனஸ் 18-ல் ஓடும் அறைக்குள் சூடேற்றி! வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அந்த மரியாதை அநேகமாகக் கிடைப்பதில்லை.

ஆசாரியின் காந்தக் குற்றச்சாட்டை விசாரிக்கச் சுலபமான வழி உண்டு. ஒரு மணி நேரம் திறக்காமல் விட்டுப் பிறகு திறங்கள். அப்போது தெரியும் எதிர்ப்புதான் காந்தத்தின் பங்கு. மூடிப் பத்து நொடியில் மறுபடி திறங்கள். கூடுதலாகத் தெரிவது காற்றின் பங்கு. இரண்டு முறையும் கதவு சண்டித்தனம் செய்தால் மட்டும் பலகையையும் கீலையும் சந்தேகிக்கலாம்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு ஒரு பத்தி. பழைய ஃப்ரிட்ஜ்களில் காந்தம் கிடையாது, நாதாங்கிபோலக் ‘களுக்’கென்று விழும் பூட்டுக் கைப்பிடிதான். அமெரிக்காவில் வீசியெறிந்த ஃப்ரிட்ஜ்களுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் உள்ளிருந்து திறக்க முடியாமல் மூச்சுமுட்டி இறந்தார்கள். 1956-ல் அங்கே சட்டம் வந்தது: உள்ளிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும், அதற்கு 15 பவுண்டுக்கு மேல், அதாவது ஏழு கிலோவை ஒட்டிய விசைக்கு மேல், தேவைப்படக் கூடாது. காந்த ரப்பர் பரவியதற்கு இது முக்கியக் காரணம்.

கைப்பிடி இல்லாத கதவுக்கு வருவோம். அலமாரிகளில் போடும் ‘புஷ் ஓப்பன்’, உள்ளே ஒரு சுருள்வில். அழுத்தினால் பிடி விட்டு, கதவைச் சற்றே வெளியே தள்ளும். சன்மைக்கா ஒட்டிய சாதாரணக் கதவுக்கு அது போதும். ஃப்ரிட்ஜில் அது இரண்டு விதமாகக் கெடுக்கிறது. பலகையை உள்ளே அழுத்தும்போது ரப்பர் நசுங்கி உள்காற்றில் கொஞ்சம் வெளியேறிவிடும்; கையை எடுத்ததும் ரப்பர் உப்ப முயலும், உள்ளே அழுத்தம் மேலும் குறையும். திறக்க வேண்டிய கதவை நாமே இறுக்கிவிடுகிறோம். வில்லைப் பலமாகப் போட்டால் அதைவிட மோசம்: அது இருபத்துநாலு மணி நேரமும் காந்தத்துக்கு எதிராகத் தள்ளிக்கொண்டே இருக்க, ரப்பர் ஓரிடத்தில் நூலளவு விலகி நிற்கும். அந்த நூலிழை வழியே ஈரம் புகுந்து ஃப்ரீசரில் பனி மலைபோல வளரும், கம்ப்ரசர் ஓயாது ஓடும், மின் கட்டணம் வந்த பிறகே சங்கதி தெரியும்.

இதற்கு மோட்டார் வைத்த தீர்வும் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ப்ளம் நிறுவனம் உள்ளடங்கிய ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றுக்கென்றே ‘சர்வோ டிரைவ் ஃப்ளெக்ஸ்’ விற்கிறது. பலகையைத் தொட்டால் சின்ன மோட்டார் ஒன்று கதவை உள்ளிருந்து தள்ளிவிடும். நல்ல பொறியியல், மறுக்கவில்லை. ரப்பரின் பிடியை விடுவிப்பது மட்டுமே அதன் வேலை. ஆனால் கைப்பிடி என்ற ஓர் இரும்புத் துண்டைத் துரத்துவதற்காக மோட்டார், மின்னிணைப்பு, பிறகு பழுதுபார்க்க ஓர் ஆள் என்று மூன்று பேரைக் குடிவைக்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த பகுதி இது. கரண்ட் போன வீட்டில் மோட்டார் கதவைப் பிடித்து இழுக்க விளிம்பும் இல்லையென்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

பலகையின் கனத்தையும் மறக்கக் கூடாது. ஆளுயரக் கதவுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோ சாதாரணமாக வந்துவிடும். பலகையை ஃப்ரிட்ஜின் கதவிலேயே திருகி மாட்டும் வகையில் மொத்தச் சுமையும் ஃப்ரிட்ஜின் கீலுக்கு. பலகை அலமாரியின் கீலில் தொங்கி, பிளாஸ்டிக் தண்டவாளத்தில் சறுக்கியபடி ஃப்ரிட்ஜ் கதவை இழுக்கும் வகையில் கீல்கள் இரண்டு, சுழலும் மையங்கள் இரண்டு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் உராய்வும் சேர்ந்துகொள்ளும். மெக்கானிக் சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கலாம்.

சூடு வெளியேற வழி விட்டார்களா என்பதையும் வாசகர் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவை பக்கச் சுவர் வழியாகச் சூட்டைக் கக்குபவை. கை வைத்தாலே தெரியும். அவற்றை அலமாரிக்குள் தள்ளிப் பலகை அடித்தால் கதை முடிந்தது. உள்ளடங்கும் வகை, அடியில் காற்று வாங்கி முதுகுப்பக்கமாக மேலே விடுவது. உள்ளே போகவும் வெளியே வரவும் குறைந்தது 200 சதுர சென்டிமீட்டர் திறப்பு வேண்டும் என்று அவற்றின் கையேடுகள் பொதுவாகக் கேட்கும். அழகுக்காகக் கீழ்ப்பலகையை முழுதாக அடைத்தால் அந்த வழி போச்சு. ‘டி’ என்ற தட்பவெப்ப வகுப்பு முத்திரை 43 டிகிரி வரை தாங்கும் என்று பொருள். அந்த 43 அலமாரி இடுக்கிலா, வெளியே சமையலறையிலா என்று விற்பனையாளரைக் கேட்டால் பெரும்பாலும் புன்னகைதான் பதிலாக வரும்.

கந்தர்வக்கோட்டை வாசகருக்கு என் யோசனை: மற்ற கதவுகள் அப்படியே இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் பலகையிலிருந்து புஷ் ஓப்பனைக் கழற்றிவிட்டு, கீலுக்கு எதிர் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை, விரல் நுழைத்துப் பிடிக்கும் பள்ளம் கொண்ட அலுமினிய ப்ரொஃபைல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். நகக்கண் நுழையும் இடைவெளி போதாது; நான்கு விரலும் இரண்டாம் கணு வரை மடங்கிப் பிடிக்க இடம் வேண்டும். விரல் நுனியால் இழுக்கும் பலம், முழுப்பிடியின் பலத்தில் சிறு பங்குதான். கைப்பிடி போலத் தெரியாது, கைப்பிடியின் வேலையைச் செய்யும். அப்போதும் கதவு முன்னைவிட இறுகிக்கொண்டே போனால், மெக்கானிக்கைக் கூப்பிட்டு வடிகால் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் காற்று திரும்ப உள்ளே வரும் வழியும் போய்விடும், காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீரும் தேங்கும்.