மெழுகும் சாயமும் வாங்கித் தந்த கிராமம்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு வண்டியை விரட்டுகிறவர்களே, ஈஞ்சம்பாக்கத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள்! இடப்பக்கம் இருக்கிறது சோழமண்டலம் ஓவியர் கிராமம். முன்வாசல் காட்சிக்கூடத்தை எல்லோரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாம் பின்கட்டுக்குப் போவோம். இந்த நிலத்தை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் துள்ளிக் குதிப்பீர்கள்!

வந்தது துணியிலிருந்து! கிராமம் பிறந்த காலத்தில் கே.சி.எஸ். பணிக்கர் சென்னை ஓவியக் கல்லூரியின், அதாவது இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின், முதல்வர். அற்புதமாக வரைகிற பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, தூரிகையைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்துச் சென்னையில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை. பணிக்கரும் மாணவர்களும் ஒரு வழி கண்டார்கள்: ஓவியம் விற்காவிட்டால் போகட்டும், கைவினைப் பொருள் விற்குமே! கலைஞர்களே சேர்ந்து கைவினைச் சங்கம் தொடங்கினார்கள். மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணிதான் அதில் ராஜா.

அந்தப் பட்டறை எப்படி இருந்திருக்கும்! அடுப்பில் மெழுகு உருகுகிறது. சூடு குறைந்தால் மெழுகு துணிக்குள் இறங்காமல் மேலேயே உறைந்துவிடும். கூடினால் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். பதம் பார்த்துப் பிரஷ்ஷில் தொட்டு இழுக்க வேண்டும். சாயத்தில் முதல் முக்கு வெளிர் நிறத்தில். காய்ந்ததும், அந்த நிறம் தங்க வேண்டிய இடத்தில் மறுபடி மெழுகு. அடுத்த முக்கு அடர்த்தியாக. நடுவில் துணியைக் கசக்கினால் மெழுகு நொறுங்கும், விரிசலுக்குள் சாயம் புகுந்து நரம்பு நரம்பாகக் கோடு ஓடும். எந்தக் கையும் வரைய முடியாத கோடு அது! கடைசியில் கொதிநீரில் அலசி மெழுகை எடுத்தால், அடியில் ஒளிந்திருந்த நிறமெல்லாம் ஒரேயடியாக வெளியே வருகிறது.

இப்படி விற்றுச் சேர்ந்த பணத்தில்தான் 1966இல் கடலோரமாகச் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். மணலும் சவுக்குமாகக் கிடந்த இடம். 30க்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்ந்த அந்தக் கூட்டத்தில் பலர் குடிசை போட்டுக் குடியேறினார்கள். பிறகு மெல்ல மெல்லச் சொந்த வீடு, பொதுப் பட்டறை, காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கம். அரசாங்கத்தின் வாசலில் காத்துக் கிடக்கவில்லை, புரவலரைத் தேடி அலையவில்லை!

என்னை மயக்குவது இதன் கணக்குதான். வீட்டுச் செலவைத் துணி பார்த்துக்கொண்டது. அதனால் ஓவியம் யாருக்கும் தலையாட்ட வேண்டியிருக்கவில்லை. வாங்குகிறவருக்குப் பிடிக்குமா என்ற கவலையின்றி பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடர்ந்து வரைந்தார். சிற்பி ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டித் தெய்வ முகங்களை எழுப்பினார். ஓவியர் கே. ராமானுஜம் மையாலேயே ஒரு கனவு நகரத்தைக் கட்டினார். ‘மெட்ராஸ் கலை இயக்கம்’ என்று இன்று புத்தகங்கள் பேசுவதில் பெரும்பங்கு இந்த மணலில் விளைந்தது.

கிராமத்தின் நிர்வாகம் இன்றும் அந்தக் கலைஞர்கள் சங்கத்தின் கையில்தான். படத்தை எங்கே மாட்டுவது, எதை விற்பது, எல்லாம் அவர்கள் முடிவு. பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால், செம்பும் பித்தளையும் பற்றவைத்துச் சிற்பம் செய்தவர், பல்லாண்டுகள் அந்தப் பொறுப்புகளைச் சுமந்தார். 2009இல் இங்கே மெட்ராஸ் இயக்கத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். பக்கத்திலேயே கூடங்கள் இருக்கின்றன. வெளிக் கலைஞர்களும் வாடகைக்கு எடுத்துத் தங்கள் படங்களை வைக்கலாம். உள்ளே போகும்போது கருங்கல் சிற்பங்கள் நிற்கும் தோட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். சாயங்கால வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள், உளித்தடம் ஒவ்வொன்றும் தெரியும்!