அப்பா (விவிலியச் சொல்)

அப்பா என்பது தந்தையைக் குறிக்கும் அரமேய மொழிச் சொல் ஆகும். கிறித்தவர்களின் புதிய ஏற்பாட்டில் கடவுளை விளிக்கும் சொல்லாக இது மூன்று இடங்களில் மட்டும் வருகிறது: மாற்கு 14:36, உரோமையர் 8:15, கலாத்தியர் 4:6. கிரேக்கத்தில் எழுதப்பட்ட இந்நூல்களில் அரமேயச் சொல் அப்படியே ஒலிபெயர்க்கப்பட்டு, அதனை அடுத்துத் தந்தை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் தரப்பட்டுள்ளது.

தமிழில் விவிலியத்தைப் படிப்போர் இது வேற்றுமொழிச் சொல் என்பதைக் கவனியாமலே கடந்துவிடக்கூடும். எனினும் இவ்வொலி ஒற்றுமை மொழி உறவைக் காட்டுவதன்று. குழந்தைகள் முதலில் எழுப்பும் இதழொலிகளிலிருந்து பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் பல மொழிகளில் தனித்தனியே தோன்றியுள்ளன.

பழைய ஏற்பாட்டுப் பின்னணி

எபிரேய மறைநூலில் கடவுள் தந்தை எனப்படும் இடங்கள் குறைவு. அவற்றிலும் பெரும்பாலும் இசுரயேல் மக்கள் முழுமைக்கோ தாவீதின் மரபில் வந்த அரசனுக்கோ அவர் தந்தை எனப்படுகிறார். தந்தை என்னும் சொல்லே இல்லாமல் அவ்வன்பை மிகுதியாகக் காட்டுவது ஓசேயா 11ஆம் அதிகாரம். நடைபழக்கி, கையில் ஏந்தி, குனிந்து உணவூட்டி வளர்த்த பிள்ளை விலகிச் சென்றதைக் கடவுள் அங்கு எண்ணிப் பார்க்கிறார். தண்டிக்க நியாயம் உண்டு. கைவிட மனம் இல்லை. தாம் மனிதர் அல்லர், இறைவன் என்பதையே அதற்குக் காரணமாகக் கூறுகிறார். எசாயா நூலோ (49:15, 66:13) இதே அன்பைத் தாயன்போடு ஒப்பிடுகிறது.

கெத்சமனியில்

மாற்கு நற்செய்தியில் இயேசு இச்சொல்லைக் கூறுவது ஒரே ஒருமுறை. அதுவும் கைதாவதற்குச் சற்றுமுன். தந்தையால் எல்லாம் இயலும் என்று அறிக்கையிட்டு, துன்பக் கிண்ணத்தை அகற்றுமாறு வேண்டி, முடிவைத் தந்தையிடமே விடுகிறார். இதே நற்செய்தியில் திருமுழுக்கின்போதும் உருமாற்றத்தின்போதும் அவரை அன்பு மகன் என அழைத்த குரல் இங்கு ஒலிப்பதில்லை. கிண்ணமும் அகல்வதில்லை. ஆகவே, தந்தையின் அன்பு என்பது துன்பத்திலிருந்து காக்கப்படுவது என மட்டும் பொருள்கொள்வோருக்கு இப்பகுதி பெரும் இடர்ப்பாடு தருகிறது. பின்னர்ச் சிலுவையில் எழுப்பும் குரலையும் மாற்கு அரமேயத்திலேயே பதிவு செய்கிறார். அங்கு வரும் விளி அப்பா அன்று, எலோயி, அதாவது என் கடவுளே என்பதாகும்.

பவுலின் மடல்களில்

கலாத்தியருக்கும் உரோமையருக்கும் பவுல் எழுதிய மடல்கள் மாற்கு நற்செய்தியினும் முந்தியவை. கிரேக்கம் பேசிய சபைகளும் இவ்வரமேயச் சொல்லால் இறைவேண்டல் செய்தமை இவற்றால் தெரிகிறது. இங்கு அடிமைக்கும் மகனுக்கும் உள்ள வேறுபாடே மையக் கருத்து. அடிமை அச்சத்தோடு பணிபுரிகிறான். மகனுக்கோ உரிமைப்பேறு உண்டு. அம்மகனுரிமையைப் பவுல் சுவிகாரம் என்னும் சட்டச் சொல்லால் குறிக்கிறார். கி.பி. 4இல் அகுஸ்துஸ் பேரரசர் திபேரியுவைச் சுவிகாரம் செய்து தம் வாரிசாக்கிய நகரில் வாழ்ந்தோருக்கு அச்சொல்லின் கனம் விளங்கியிருக்கும்.

மழலைச் சொல்லா?

அப்பா என்பது சிறு குழந்தையின் கொஞ்சுமொழி என்னும் கருத்து மறையுரைகளில் இன்றும் கேட்கப்படுகிறது. செருமானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாசின் ஆய்வுகள் இதற்குத் துணையாகக் காட்டப்படுவதுண்டு. அவரோ பிற்காலத்தில் அக்கருத்தைக் கைவிட்டார். வளர்ந்த பிள்ளைகளும் இச்சொல்லால் தந்தையை அழைத்தனர் என்பதை யேம்சு பார் 1988இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்தினார். கிரேக்கத்தில் மழலைச் சொல் தனியே இருந்தும் புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் அதனைப் பயன்படுத்தவில்லை. தமிழில் ஐந்து வயதுச் சிறுவனும் ஐம்பது வயது மகனும் ஒரே சொல்லால் தந்தையை அழைப்பதால், இவ்வழக்கு நமக்குப் புதிதன்று.