கடலுக்கு அடியில் ஒரு கல்லறை!

விசாகப்பட்டினம் கடலில் உறங்கும் 2 நீர்மூழ்கிகள்

ஊட்டியில் பார்ஸி மக்களின் இடுகாடு ஒன்று இருக்கிறது. அங்கே புகழ் பெற்ற ஒரு வீரரின் சமாதி இருக்கிறது. அவர்தான் பீல்டு மார்ஷல் மானெக்ஷா.

1971-ம் ஆண்டு பாகிஸ்தானுடன் நடந்த யுத்தத்தில் இந்தியத் தரைப்படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். அதற்கு முன்பு, 1959 முதல் சில ஆண்டுகள், குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு குன்னூரிலேயே வீடு கட்டிக் குடியேறினார். 2008-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் காலமானார். மனைவியின் சமாதிக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

தரையில் போரிட்ட தளபதிக்கு மலையில் ஒரு சமாதி. அங்கே போய் மலர் வைக்கலாம், கும்பிடலாம்.

அதே யுத்தத்தில் கடலில் மூழ்கி மடிந்தவர்களுக்கு என்ன சமாதி? அவர்களுக்கு யார் மலர் வைப்பது?

அந்தக் கதையை அறிய, மலையை விட்டு இறங்கிக் கடலுக்குப் போக வேண்டும். கடலுக்கு மட்டும் அல்ல. கடலின் அடிக்கே போக வேண்டும்!

வேட்டைக்கு வந்த கப்பல்

நீர்மூழ்கிக் கப்பலில் பெரிய பெரிய தொட்டிகள் இருக்கும். அவற்றில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் மூழ்கும். காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால் மேலே வரும். எதிரியின் கண்ணுக்குத் தெரியாமல் கடலுக்குள் பதுங்கிச் சென்று தாக்குவதுதான் அதன் வேலை.

பாகிஸ்தானிடம் "காஜி" என்ற நீர்மூழ்கி இருந்தது. அமெரிக்காவில் கட்டப்பட்ட கப்பல் அது. அங்கே அதன் பெயர் "டயாப்ளோ". 1964-ல் பாகிஸ்தானுக்கு வந்து பெயர் மாறியது. அதன் நீளம் 312 அடி.

1971-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி அது கராச்சியை விட்டுப் புறப்பட்டது. இந்தியாவைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. அது தேடி வந்த இரை எது தெரியுமா? இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலாக அப்போது இருந்த "விக்ராந்த்"!

தளபதியின் தந்திரம்

அப்போது கிழக்குக் கடற்படையின் தலைவராக இருந்தவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர்.

அவர் ஒரு தந்திரம் செய்தார். விக்ராந்தை ரகசியமாக அந்தமான் தீவுப் பக்கம் அனுப்பிவிட்டார். ஆனால் அது விசாகப்பட்டினத்தில் இருப்பது போல நாடகம் ஆடினார். "ராஜ்புத்" என்ற பழைய நாசகாரிக் கப்பல் விக்ராந்தைப் போல வேடம் போட்டது. பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு அரிசி, காய்கறி, இறைச்சி எல்லாவற்றுக்கும் விசாகப்பட்டினத்தில் ஆர்டர் கொடுக்கப்பட்டது. ஊரில் ஒற்றர்கள் இருந்தால் செய்தியைக் கொண்டு போகட்டும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

காஜி ஏமாந்தது. இல்லாத விக்ராந்தைத் தேடி விசாகப்பட்டினத்தின் வாசலுக்கே வந்தது.

நள்ளிரவில் வெடிச் சத்தம்

டிசம்பர் 3-ந் தேதி மாலை யுத்தம் மூண்டது. அன்று இரவு ராஜ்புத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. கடலில் ஓர் இடத்தில் தண்ணீர் கலங்குவதைக் கண்டு, நீருக்கு அடியில் வெடிக்கும் 2 குண்டுகளை அங்கே போட்டுவிட்டுப் போயிற்று.

நள்ளிரவு கடந்ததும் பயங்கரமான வெடிச் சத்தம் கேட்டது. கரையில் இருந்த ஜனங்கள் திடுக்கிட்டு எழுந்தார்கள். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் கடலுக்குப் போன மீனவர்கள் மிதந்து வந்த சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உடனே "நிஸ்தார்" என்ற கடற்படைக் கப்பலில் இருந்து முக்குளிப்பு வீரர்கள் கடலில் இறங்கினார்கள். அடியில் அவர்கள் கண்டது என்ன? முன்பகுதி சிதைந்து கிடந்த ஒரு நீர்மூழ்கி! அதுதான் காஜி.

அதில் இருந்தவர்கள் 93 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ராஜ்புத் போட்ட குண்டுகளே காஜியை அழித்தன என்பது இந்தியக் கடற்படையின் கணக்கு. தான் விதைத்த கண்ணி வெடியாலேயே அது அழிந்தது என்கிறது பாகிஸ்தான். 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வழக்கு தீரவில்லை. சாட்சி சொல்ல வேண்டிய 93 பேரும் கடலின் அடியில் உறங்குகிறார்கள்.

ஒரே கல்லூரி இரண்டான கதை

இந்த இடத்தில் நீலகிரி வாசகர்கள் ஒரு விஷயத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1947-க்கு முன்பு இந்தியா முழுவதற்கும் ஒரே ராணுவ அதிகாரிகள் கல்லூரிதான் இருந்தது. அது குவெட்டாவில் இருந்தது. பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியாவின் பங்குக்கு உருவானதே வெலிங்டன் கல்லூரி. மானெக்ஷாவே குவெட்டாவில் படித்தவர்தான்.

கடலே கண்ணில் படாத 6,000 அடி உயரத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, கடற்படை அதிகாரிகளும் இன்று பாடம் படிக்கிறார்கள். ஒரு வீட்டுப் பிள்ளைகள் இரு வீட்டாராகிச் சண்டையிட்ட கதைதான் 1971.

இன்னொரு நீர்மூழ்கி

விசாகப்பட்டினம் கடலில் காஜி தனியாக இல்லை. அதற்கு முன்பே அங்கே ஒரு நீர்மூழ்கி உறங்கிக்கொண்டிருந்தது. அது ஜப்பானுடையது. பெயர் "ஆர்.ஓ. 110".

2-வது உலக யுத்தத்தின்போது, 1944-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குப் போன கப்பல் கூட்டத்தை அது தாக்கியது. காவலுக்கு வந்த இந்தியப் போர்க்கப்பல் "ஜம்னா"வும் 2 ஆஸ்திரேலியக் கப்பல்களும் அதைத் துரத்தி மூழ்கடித்தன.

இரண்டு யுத்தங்கள், இரண்டு நாடுகள், இரண்டு நீர்மூழ்கிகள். இரண்டுக்கும் ஒரே கடல் இடம் கொடுத்திருக்கிறது.

2024-ம் ஆண்டு, இந்தியக் கடற்படை தன் புதிய மீட்புக் கருவியைக் கொண்டு காஜி கிடக்கும் இடத்தைக் கண்டதாகச் செய்தி வந்தது. ஆபத்தில் சிக்கிய நீர்மூழ்கிகளில் இருந்து ஆட்களைக் காப்பாற்றுவதற்காக வாங்கிய கருவி அது. கடற்படை காஜியைத் தொடவில்லை. இறந்தவர்களுக்கு மரியாதையாக அதை அப்படியே விட்டுவிட்டது. எதிரியாக வந்தவர்கள்தான். ஆனாலும் கல்லறை கல்லறைதானே!

சனி, ஞாயிறு முக்குளிப்பு

விசாகப்பட்டினம் நீர்மூழ்கிகளைப் பார்க்கப் பொதுமக்கள் போவதில்லை. ஆனால் மூழ்கிய நீர்மூழ்கிகளைப் பார்ப்பதற்கென்றே சனி, ஞாயிறுகளில் கடலில் இறங்கும் கிளப்புகள் சில நாடுகளில் உண்டு.

தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார்கள். இக்காலத்தவர் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். 1943-ல் பிரான்ஸ் நாட்டில் கூஸ்தோ, காஞான் என்ற இருவர் இதற்கு ஏற்ற கருவியைச் செய்தார்கள். அதன் பிறகு சாதாரண மக்களும் கடலின் அடியைப் பார்க்க முடிந்தது. இங்கிலாந்தில் 1953-ல் இதற்கென ஒரு பெரிய கிளப்பே தோன்றியது.

இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்லண்ட் என்ற ஊருக்கு அருகே, "எம். 2" என்ற நீர்மூழ்கி கிடக்கிறது. அது ஓர் அதிசயக் கப்பல். தன் முதுகில் ஒரு சிறிய கடல் விமானத்தையே சுமந்து சென்றது! விமானத்துக்கு ஒரு கொட்டகை. அதற்கு ஒரு பெரிய கதவு.

1932-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அது மூழ்கியது. 60 பேர் மாண்டார்கள். முழுவதும் மேலே வருவதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள், அதன் வழியே கடல் புகுந்துவிட்டது என்று கருதப்படுகிறது. பல மாதங்கள் தூக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் கடலுக்கே விட்டுவிட்டார்கள்.

அங்கே படகில் போகும் கிளப்பினர், கடலின் ஓட்டம் அடங்கும் நேரம் வரை காத்திருப்பார்கள். பிறகு எடை கட்டிய ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜோடி ஜோடியாக இறங்குவார்கள். சுமார் 100 அடி ஆழம். பச்சை இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் விமானக் கொட்டகையின் வாய் தெரியும். விமானம் இருந்த இடத்தில் இப்போது மீன்கள்!

சுமார் 20 நிமிஷம்தான் அங்கே இருக்கலாம். பிறகு ஏறிவிட வேண்டும்.

கல்லறைகளைக் காக்க 1986-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட கப்பல்களைக் கண்ணால் பார்க்கலாம். கையால் தொடக்கூடாது. உள்ளே நுழையக்கூடாது. ஓர் ஆணியைக்கூட எடுத்துக்கொண்டு போகக்கூடாது. சில கப்பல்களிடம் போவதற்கே அனுமதி வேண்டும்.

கோலி சோடாப் பாடம்

20 நிமிஷத்தில் ஏன் ஏற வேண்டும்? இதை அறிய ஒரு கோலி சோடா போதும்.

மூடியிருக்கும் சோடாவில் குமிழி தெரியாது. கோலியைத் தட்டியதும் "புஸ்" என்று பொங்குகிறது. அழுத்தம் குறைந்ததும், நீரில் கரைந்திருந்த வாயு குமிழியாக வெளியே வருகிறது.

கடலில் ஒவ்வொரு 33 அடி இறங்கும்போதும் ஒரு பங்கு அழுத்தம் கூடுகிறது. 100 அடி ஆழத்தில் கரையில் இருப்பதைப் போல 4 மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் வாயு ரத்தத்தில் கரைந்துவிடும். அதிக நேரம் இருந்தால் அதிகம் கரையும். அவசரப்பட்டு மேலே வந்தால் ரத்தமே சோடாவாகப் பொங்கும்! மூட்டுகளில் தாங்க முடியாத வலி வரும். கை, கால் விளங்காமல் போகலாம். உயிரே போகலாம்.

ஆகவே, நிமிஷத்துக்கு 30 அடிக்கு மேல் ஏறக்கூடாது. 15 அடி ஆழத்தில் 3 நிமிஷம் நிற்க வேண்டும். நல்ல பயிற்சி பெற்றவரும் இதை மீறமாட்டார்.

ஊட்டிக்காரருக்கு எச்சரிக்கை

இதில் நீலகிரி மக்களுக்கு ஒரு தனிப் பாடம் இருக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டிக்குப் போனதும் உப்பிக்கொள்கிறது அல்லவா? பர்லியாறு தாண்டும்போது காது அடைக்கிறது அல்லவா? மலை ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். 7,350 அடி உயரத்தில் உள்ள ஊட்டியில், கடற்கரையில் இருக்கும் அழுத்தத்தில் முக்கால் பங்குதான் இருக்கிறது.

இன்று புதுச்சேரியிலும் அந்தமானிலும் முக்குளிப்பு கற்றுத் தருகிறார்கள். மலையில் இருந்தும் இளைஞர்கள் போகிறார்கள். ஒருவர் சனி, ஞாயிறு இரண்டு நாளும் புதுச்சேரியில் முக்குளிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை கரையேறி, இரவு பஸ் பிடித்து, விடியற்காலையில் ஊட்டி போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? பாதி திறந்த சோடாவை முழுவதும் திறந்தது போல ஆகும்!

விமானத்தில் ஏறுபவர்களுக்கு இதற்கு ஒரு விதி உண்டு. ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பல முறை முக்குளித்தவர் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். குன்னூர், ஊட்டியின் உயரமும் விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே மலைக்காரர்களுக்கும் அதே விதி. மேட்டுப்பாளையத்திலேயே தங்கி, நேரம் கழிந்த பிறகு மலை ஏறுவது நல்லது. மலை ரயிலை மறுநாளும் பிடிக்கலாம்.

நனையாமல் பார்க்கலாம்

கடலில் இறங்காமலே நீர்மூழ்கியைப் பார்க்க ஆசையா? அதற்கும் வழி இருக்கிறது.

விசாகப்பட்டினம் கடற்கரையில் "குர்சுரா" என்ற இந்திய நீர்மூழ்கியைக் கரைக்கு இழுத்து நிறுத்தி, 2002 முதல் காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள். 1969 முதல் 2001 வரை கடற்படையில் உழைத்த கப்பல் அது. நீளம் சுமார் 300 அடி. குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு உள்ளே நடக்கலாம்.

உள்ளே போனால்தான் தெரியும். குறுகிய வழி. அடுக்கடுக்கான படுக்கை. தலை நிமிர்ந்தால் குழாய் இடிக்கும். சுமார் 75 பேர் இதற்குள்தான் உண்டு, உறங்கி, வேலை செய்தார்கள். அதே மாதிரி ஓர் இரும்புக் குழாய்க்குள்தான் காஜியின் 93 பேரும் கடைசி இரவைக் கழித்தார்கள்.

குர்சுராவை விட்டு வெளியே வந்தால் எதிரே கடல். அலைகளுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், காஜியும் ஜப்பான் நீர்மூழ்கியும் கிடக்கின்றன. ஊட்டியில் தளபதியின் சமாதியில் பெயர் எழுதிய கல் இருக்கிறது. இங்கே கல் இல்லை, பெயர் இல்லை. கடல்தான் மூடி வைத்திருக்கிறது.

அந்த மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் உயிரோடு இருப்பவர்கள் அவர்களுக்கு வைக்கும் மலர்.